மஞ்சள் நூல் காப்பு

குரோஷா வளையல் போடுவதற்கு அதிகமாக ஒன்றும் வேண்டாம், ஸார். ஒரு கொக்கி ஊசி, கொஞ்சம் பருத்தி நூல், வெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோல். நூல் நுனியில் சுருக்கு முடிச்சு போட்டு, அதற்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி விழும். அந்தக் கண்ணிக்குள் மறுபடி இழுத்தால் இன்னொன்று. இப்படியே சங்கிலியாக வளர்த்துக்கொண்டு போய், மணிக்கட்டைச் சுற்றி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பருத்தி நூல் போடப் போட இளகிக் கொடுக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தாராளமாகப் போட்டுவிட்டு, கழன்று கழன்று விழுகிறது என்று மூக்கால் அழுவார்கள். சங்கிலி முடிந்ததும் திரும்பி வந்து ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தையல் போட்டால் பட்டையாகிவிடும். கை பழகினவர்கள் அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம்.

நேற்று இங்கே என்னிடம் பேசிய அம்மாள் பெங்காலியில் கேட்டாள். என் பெங்காலியில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, நான் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற லேக் மார்க்கெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் காப்பு என்பதற்கு அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை. ராக்கி என்று எழுதிக்கொண்டாள். அது தப்பு. ராக்கி சகோதரனுக்குக் கட்டுவது. அலிப்பூர் கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் தப்பு இருக்கக் கூடாது என்பதால்தான், தமிழ் தெரிந்த அதிகாரி யாராவது வரட்டும் என்று சொன்னேன். நீங்கள் சேலத்துப் பக்கம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் மஹாதேவனுக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களிடம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். பேங்க் வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றிப் போட்டார்கள். என் அப்பா அவரைக் கோவிலில் பார்த்து, பையன் நன்றாக ஸ்லோகம் சொல்கிறான் என்று மயங்கிப்போய் எனக்குக் கட்டிவைத்தார். ஸ்லோகத்தைத் தவிர அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஓடுகிற டிராமில் ஏறத் தெரியாது. மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்படிச் செய்யக் கூடாது, மனிதர்கள் மனம் நோகும் என்று சொன்னது நான். பெங்காலி சொல்லிக்கொடுத்தது நான். பெரிய ஆபீசராக ரிட்டயர் ஆனபோது அவர் பெங்காலியில் பேசிய பேச்சுக்குக் கை தட்டினார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மறதி வந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். எனக்குப் பெயர் முக்கியமில்லை. முதலில் ஹிந்தி போயிற்று. அடுத்து, நான் சொல்லிக்கொடுத்த பெங்காலி, வந்த சுவடே தெரியாமல் போயிற்று. இங்கிலீஷ் கொஞ்ச நாள் முட்டுக்கொடுத்துப் பார்த்துவிட்டு அதுவும் நின்றுவிட்டது. மிஞ்சியது ஊர்த் தமிழ் மட்டும். தெருவில் யார் என்ன கேட்டாலும் அதில்தான் பதில் சொல்வார். இந்த ஊரில் அது யாருக்குப் புரியும்?

அதோடு வெளியே ஓடுகிற வியாதியும் சேர்ந்துகொண்டது. நான் குளிக்கப் போனால் போதும், கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தடவை ஏரிக்கரையில் கண்டுபிடித்தோம், ஒரு தடவை காளிகாட் மெட்ரோ படிக்கட்டில். ஒவ்வொரு தடவையும் யாராவது கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பூக்காரர், ஆட்டோக்காரர், கீழ் வீட்டு மேக்னா. கல்கத்தா ஜனங்களுக்கு இந்தக் குணம் உண்டு, வயதானவர் ஒருவர் தனியாக நின்றால் சும்மா போகமாட்டார்கள். சட்டைப் பையில் விலாசம் எழுதிய அட்டை வைத்தேன், எடுத்து எறிந்தார். எவர்சில்வர் வளையத்தில் போன் நம்பரைப் பொறித்து மாட்டினேன். விலங்கு பூட்டிவிட்டார்கள் என்று சுவரில் இடித்து இடித்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார்.

மேக்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலேஜில் வாத்தியாராக இருக்கிறாள், நல்ல பெண். சரஸ்வதி பூஜைக்கு அவள் மாணவிகள் எல்லோரும் மஞ்சளில் ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். "மாஷிமா, குரோஷாவில் வளையல் போட்டுத் தருகிறீர்களா" என்று மஞ்சள் நூல்கண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். கூடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தபோது, ஆண் பிள்ளைக் கைக்கு எவ்வளவு நீளம் வரும் என்று பார்க்க ஒன்றை அவர் மணிக்கட்டில் சுற்றினேன். அவர் அதையே உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

"காப்புக் கட்டியாச்சா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "ஆமாம்" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

"அப்ப இனிமே எல்லை தாண்டப்படாது" என்றார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் வாசல் பக்கமே போகவில்லை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். நேர்ந்துகொண்டவர் காப்பைக் கட்டிக்கொண்டால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இவருக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து, பிழைத்தால் காப்புக் கட்டுவதாக என் மாமியார் வேண்டிக்கொண்டாராம். கல்யாணம் ஆன புதிதில் இவர் அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். பேங்கில் உத்தியோகம் பார்த்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு போன மறதி, அந்த மஞ்சள் நூலை மட்டும் தொடவில்லை.

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பொத்தான் வைத்தால் கழற்றிவிடுவார் என்று முடிச்சாகப் போட்டேன். உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியில் என் போன் நம்பரைத் தைத்து வைத்தேன். அழுக்கானால் வேறொன்று போடுவேன். அவர் ரிட்டயர் ஆன பிறகு முதல் முறையாக நிம்மதியாகக் குளித்தேன், ஸார். லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் காப்பிப்பொடி அரைத்துக்கொண்டு, நாலு பேரோடு நின்று பேசிவிட்டு வருவேன். திரும்பி வந்தால் வைத்த இடத்தில் இருப்பார்.

காப்போடு இன்னொரு நியமமும் வந்தது. மேக்னா ஒரு நாள் கிண்ணத்தில் பாயேஷ், அதுதான் பெங்காலிப் பாயசம், கொண்டுவந்தாள். இவர் மணிக்கட்டைத் திருப்பி அவளிடம் காப்பைக் காட்டிவிட்டு, தலையை ஆட்டினார். "காப்புக் கட்டினவன் வெளி மனுஷா கையால ஒண்ணும் வாங்கப்படாது. பச்சைத் தண்ணிகூட. கட்டினவா கையாலதான்" என்றார். நான் மேக்னாவுக்கு அதை பெங்காலியில் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது, என்ன ஒரு நம்பிக்கை என்றாள். சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்த நியமம் நல்லதுதான் என்று நான் நினைத்தேன்.

நான் யார் என்பது அவருக்குத் தெரியாமல் போய் அதற்கு முன்பே ரொம்ப நாள் ஆகியிருந்தது. என்னை மாமி என்று கூப்பிடுவார். "மாமி, நீங்க சமையலுக்கு வந்திருக்கேளா?" என்று மரியாதையாகக் கேட்பார். சில நாள் ஆமாம் என்பேன், சில நாள் பதில் சொல்லமாட்டேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வியாதியோடு சண்டை போட முடியுமா?

ஆனால் ஹம்சினியைத் தெரிந்தது. எங்கள் ஒரே பெண், மெட்ராஸில் இருக்கிறாள். சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் முகம் வந்ததும் "ஹம்சிக்குட்டி, சாப்பிட்டியா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். பெண்ணைப் பெற்றவளைத் தெரியவில்லை, பெற்ற பெண்ணைத் தெரிந்தது. ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கும்போதே அவளிடம் சொன்னார், "இந்த மாமி நன்னாத்தான் பாத்துக்கறா. ஆனா நம்மாத்து மனுஷா இல்லை." ஹம்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டை வழக்கம்போல் பிசைந்து ஊட்டினேன்.

இந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் ஹம்சினி ஒரு முடிவோடு கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவை நான் கூட்டிண்டு வந்துடறேன். எங்க அபார்ட்மெண்ட் பக்கத்துலயே இந்த மாதிரி இருக்கறவாளை டே டைம்ல பாத்துக்கற இடம் இருக்கு. எல்லாரும் தமிழ்ல பேசுவா. அவருக்கும் பேச ஆள் கிடைக்கும். நீயும் வாயேன். வர இஷ்டம் இல்லைன்னா அங்கேயே இரு, உனக்கும் ரெஸ்ட் வேணும்." அவள் கணவன் ஆதர்ஷும் பின்னாலிருந்து, "வாங்கோ அத்தை, ஒரு கஷ்டமும் இல்லை" என்றான். இரண்டு பேருமே நல்லவர்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. சனிக்கிழமை வந்து அழைத்துப் போவதாக டிக்கெட் எடுத்துவிட்டாள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் கல்கத்தாவை விட்டு வரமுடியாது. என் பேச்சு, என் கடை, என் கோவில் எல்லாம் இங்கே. அவர் மட்டும் போனால் என்ன ஆகும்? சம்பந்தி மனுஷர்கள் வந்து போகிற வீட்டில், வேட்டியை நனைத்துக்கொண்டு நிற்பார். ஆபீசராக இருந்த மனிதர். அந்த அவமானத்தைப் பார்க்க அவருக்குத் தெரியாது என்றால், அவருக்குப் பதிலாக நான்தானே பார்க்க வேண்டும்? அப்புறம் என் பங்கு. லேக் மார்க்கெட்டில் எந்த வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை என்றாலும் எனக்கு இலை போடுவார்கள். மாதங்கி மாமி மாதிரி புருஷனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பார்கள். அதே வாய், முடியவில்லை என்று பெண் வீட்டில் தள்ளிவிட்டாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

அங்கே போனால் அவர் சந்தோஷமாக இருந்திருப்பார் என்று ஹம்சினி இப்போது சொல்கிறாள். இருந்திருக்கலாம். சுற்றிலும் தமிழ், எதிரில் பெண். என்னைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டிருக்கமாட்டார். கேட்பதற்கு அவருக்கு நான் யார்?

கணவனைப் பெண் வீட்டில் விட்டவளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கணவனைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பொட்டை எடு என்றும் சொல்வதில்லை. இதை ஒரு காரணமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைப் பெரிய காரணமாக நினைக்கவில்லை.

சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அவர் முன்னால் உட்கார்ந்து காப்பை வெட்டினேன். "திருவிழா முடிஞ்சுடுத்து" என்றேன்.

"மஞ்சள் நீராட்டு?"

"அதுவும் ஆச்சு. கிளம்புங்கோ, போகலாம்."

அவருக்கு ஒரே சந்தோஷம். பேண்ட் சட்டை போட்டுவிட்டேன். காலர் உள்ளே தையற்காரர் பெயர்த் துணி இருந்தது, அதைப் பிரித்து எடுத்தேன். சட்டைப் பையைத் துழாவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. போனில் வண்டி கூப்பிட்டால் அதில் பதிவாகும் என்பதால் மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய் மஞ்சள் டாக்ஸி பிடித்தேன். ஹவுரா பாலத்தில் போகும்போது தண்ணீரைப் பார்த்துவிட்டு "காவேரியா?" என்றார். ஆமாம் என்றேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெட்ராஸ் போகிற வண்டிகள் ஹவுராவில் புதிய கட்டடத்தில் நிற்கும். நாங்கள் பழைய கட்டடத்துக்குப் போனோம். வழி தப்பிவிட்டது என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு ஹவுராவில் வழி தப்பாது. தெற்கே போகிற வண்டியில் ஏற்றினால், பாலாசோர் தாண்டுவதற்குள் யாராவது ஒரு தமிழ்க் குடும்பம் "மாமா, எங்கே போறேள்?" என்று கேட்டிருக்கும். மேற்கே ராஜஸ்தான் வரைக்கும் போகிற வண்டி ஒன்று நின்றிருந்தது. ரிசர்வேஷன் இல்லாத பெட்டிக்கு அவருக்கு டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் இல்லாமல் நான் அவரை ஏற்றவில்லை. சீக்கிரமே போனதால் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒரு பெண்பிள்ளை தன் மூட்டையை நகர்த்தி அவருக்குக் கால் நீட்ட வசதி செய்து கொடுத்தாள்.

நான் எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கே போறேள்? நானும் வரேன்" என்றார். விடவில்லை. பிடி பலமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பையிலிருந்து புதுக் காப்பை எடுத்தேன். அது எப்படிப் பையில் இருந்தது என்று கேட்டீர்கள். முதல் நாளே போட்டு வைத்திருந்தேன். இதில் நம்பர் தைத்த துணி கிடையாது. நேரம் இல்லாமல் விட்டுப்போயிற்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதையும் அடித்துவிடுங்கள். அவர் மணிக்கட்டில் சுற்றி, முடிச்சு போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன்.

"காப்புக் கட்டியாச்சு. நான் வந்து அவுக்கற வரைக்கும் இந்த இடத்தை விட்டு எழுந்துக்கப்படாது. இதுதான் எல்லை."

"சரி" என்றார். என் கையை விட்டுவிட்டார். பிறகு, "தாகமா இருக்கு" என்றார்.

"வாங்கிண்டு வரேன்" என்று சொல்லி இறங்கினேன்.

தண்ணீர் வாங்கினேன், ஸார். அது பொய் இல்லை. பாட்டிலோடு தூண் ஓரமாக நின்றேன். வண்டி கிளம்பியது. அவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்புக் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது டாக்ஸி கிடைக்கவில்லை, ஃபெர்ரியில் ஏறினேன். நல்ல வெயில். அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். ஒரு மாதமாகக் காப்புக் கட்டவில்லை, இன்றைக்கு எங்கேயோ போய்விட்டார் என்றேன். மேக்னாதான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் புகார் கொடுக்க வைத்தாள். போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்தாள். ஹம்சினி அன்றே பிளைட் பிடித்து வந்தாள். ஏரி, மெட்ரோ, காளிகாட் சந்து பொந்து எல்லாம் அப்பா அப்பா என்று தமிழில் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். தமிழில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார் என்று. செருப்புக் கடித்துக் குதிகாலில் கொப்புளம். சாயங்காலம் அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினேன். "நீ தைரியமா இரும்மா" என்று அவள் எனக்குச் சொன்னாள். லேக் மார்க்கெட் மாமிகள் முறை வைத்துக்கொண்டு ரசமும் சாதமும் கொண்டுவந்தார்கள். ஒருத்தியும் என்னைக் குறை சொல்லவில்லை. வாசல் படியில் நிற்கும்போது என் நெற்றியைப் பார்த்து, அம்பாள் காப்பாற்றுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்து, யார்டில் கழுவ வந்தவர்கள் அவரைப் பார்த்ததை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதே ஜன்னல், அதே இடம். உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சர்க்கரை, வெயில் என்று அங்கிருந்த டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கூட வந்தவர்கள் நல்லவர்கள். டீ கொடுத்திருக்கிறார்கள், ரொட்டி கொடுத்திருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீரை வாய்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டித் தலையை ஆட்டியிருக்கிறார். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் போய், பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து போனபோதும் எழுந்திருக்கவில்லை.

இப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். காப்பு இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கியிருப்பார். இறங்கினால் இந்த தேசத்தில் எங்கேயாவது ஒரு தமிழ் சிப்பாயோ, ஒரு இட்லிக் கடைக்காரரோ அகப்படாமல் இருக்கமாட்டார்கள், திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அதனால் எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்காமல் இருக்கக் காப்பு வேண்டும். காப்புக் கட்டினால் என் கையைத் தவிர யார் கையாலும் தண்ணீர்கூட வாங்கமாட்டார். இது மூன்றும் முடிச்சுப் போடும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். உடம்பை நான் பார்க்கவில்லை என்பதால் பொட்டை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்றில்தான் நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பெட்டியில் வந்த யாரோ ஒருவர் எடுத்த வீடியோ. இந்தப் பெரியவர் என்ன பாஷை பேசுகிறார், யாருக்காவது புரிகிறதா என்று கேட்டு அனுப்பியது, கை மாறிக் கை மாறி ஹம்சினியின் போனுக்கு வந்து சேர்ந்தது. கட்டவில்லை என்று நான் சொன்ன காப்பை அவர் கையில் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நேரே உங்களிடம்தான் வந்தாள். அது இருக்கட்டும். காலையில் நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். யாரோ ஹிந்தியில் தண்ணீர் குடியுங்கள் பாபா என்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே, "வேண்டாம்பா. மாதங்கி வாங்கிண்டு வரப் போயிருக்கா. அவ கட்டின காப்பு இது. என் ஆம்படையாள். வந்துடுவா" என்கிறார். உதடு வெடித்திருக்கிறது, ஆனால் வார்த்தை தெளிவாகத்தான் இருக்கிறது.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஸார். அதை மறுபடி போட வேண்டாம். இந்த வியாதியில் இப்படி வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். எப்போதோ கேட்ட ஒரு பெயர் திடீரென்று வாய்க்கு வந்துவிடும். அது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.